அத்தியாயம் 6: மருந்து கேட்கிறதா என்று நெஞ்சுப் படம் காட்டுமா?

கிளினிக்கில் இரண்டு மூன்று தவணை போய், பம்பும் கப்சூலும் இழுத்துப் பார்த்த பிறகு வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "டொக்டர்கிட்ட சொல்லி இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாமே. மருந்து கேக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்." டொக்டரைக் கேட்டால், "இப்போதைக்குப் படம் வேண்டாம், ஊதிப் பார்ப்போம்" என்று மூச்சுப் பரிசோதனைக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிடுவார். றத்தோட்டைப் பக்கத்து மலைத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு அது மனக்குறையாகத்தான் இருக்கும். ஸ்கேன் எழுதினால் கெட்டிக்கார டொக்டர், எழுதாவிட்டால் கவனிக்காத டொக்டர் என்ற எண்ணம் நம் ஆட்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது.

கேள்வியில் தவறில்லை. கை முறிந்தால் எலும்பு கூடிவிட்டதா என்று படம் எடுத்துத்தான் பார்க்கிறார்கள். நியூமோனியா ஆறிவிட்டதா என்பதும் படத்தில் தெரியும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு, அதாவது கிளினிக் கொப்பியில் சி.ஓ.பி.டி. என்று எழுதப்படும் நோய்க்கு, அந்தக் கணக்குப் பொருந்தாது. இந்த நோயில் படத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் அலைச்சலும் காசும் மிஞ்சும். படம் உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் விடாமல் கேட்டு வாங்கவும் முடியும்.

மருந்து எங்கே வேலை செய்கிறது

சி.ஓ.பி.டி.யில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, நுரையீரலின் சின்னஞ்சிறு மூச்சுக்குழாய்கள் தடித்து, சளி கட்டி, ஒடுங்கிப்போவது. மற்றது, குழாய்களின் முனையிலுள்ள காற்றுப்பைகளின் சுவர் கரைந்து வெறும் ஓட்டையாகிவிடுவது. இந்த இரண்டாவதற்கு எம்ஃபிசீமா என்று பெயர். ஒருவருக்கு முதலாவது கூடுதலாகவும் இன்னொருவருக்கு இரண்டாவது கூடுதலாகவும் இருக்கும்.

நாம் இழுக்கும் மருந்துகள் வேலை செய்வது குழாய்களில்தான். குழாயைச் சுற்றியுள்ள தசையை அவை தளர்த்துகின்றன. உள்ளே அடைபட்டுக் கிடக்கும் காற்று வெளியே வர வழி கிடைக்கிறது. ஆனால் அடைப்பு மோசமாக இருக்கும் குழாய்கள் 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுடையவை. எக்ஸ்ரே அவற்றைக் காட்டாது. சி.ரி. ஸ்கேன்கூட நேரடியாகக் காட்டாது. கரைந்துபோன பைச் சுவர்களோ இன்றுள்ள எந்த மருந்தாலும் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே மருந்து நன்றாகக் கேட்டு, முன்பு மூன்று இடத்தில் நின்று ஏறிய மேட்டை இப்போது ஒரே இடத்தில் நின்று ஏறுகிறவரின் படமும் பழையபடியேதான் இருக்கும். படம் மாறவில்லையே என்று மருந்தை விட்டவர்கள் உண்டு. அது பெரிய தவறு.

மருந்து கேட்கிறதா என்பதை அளக்க வேறு வழிகள் இருக்கின்றன. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றின் அளவு 100 மில்லிலீற்றராவது கூடினால் அதைக் கணக்கில் எடுக்கத்தக்க மாற்றம் என்கிறார்கள். ஆறு நிமிட நடையில் ஏறத்தாழ 30 மீற்றர் கூடுதலாக நடந்தால் அதுவும் முன்னேற்றம். சி.ஏ.ரி. என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், மேடேறும்போது மூச்சு, வீட்டு வேலை, வெளியே போகும் துணிவு, தூக்கம், உடல் தெம்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை நீங்களே புள்ளி போட வேண்டும். மொத்தம் 40. இரண்டு புள்ளி குறைந்தாலே மருந்துக்குப் பலன் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலையில் இருப்பவருக்கு இன்னும் எளிய அளவுகோல் வாசலிலேயே இருக்கிறது. றோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் அதே பாதையை, அதே வேகத்தில், மாதம் ஒருமுறை ஏறுங்கள். எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்பதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி வையுங்கள். கிளினிக்கில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினால் போதும். இன்னொன்று: "மருந்து கேட்கவில்லை" என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்குப் பிழை இழுக்கும் முறையில்தான் இருக்கிறது. வேறு மருந்து கேட்பதற்கு முன் தாதியிடம் ஒருதடவை இழுத்துக் காட்டுங்கள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்

வீட்டில் இருக்கும் பழைய படமொன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு கரிய பரப்புகள் நுரையீரல்கள். நடுவிலுள்ள வெள்ளை நிழல் இருதயம். கீழே நுரையீரலைத் தாங்கும் கோடு உதரவிதானம். நோயில்லாதவரின் படத்தில் அந்தக் கோடு நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சி.ஓ.பி.டி. முற்றியவரின் படத்தில் அது தட்டையாகி, கீழே இறங்கிவிடும். நுரையீரல் அளவுக்கு மீறிக் கறுத்து நீண்டிருக்கும். இருதயம் ஒடுங்கி, தொங்குவதுபோலத் தெரியும். உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் நெஞ்சை ஊதிவைத்திருப்பதன் அடையாளங்கள் இவை. ரிப்போட்டில் "ஹைப்பர் இன்ஃப்ளேஷன்" என்று எழுதுவது இதைத்தான்.

நோயின் தொடக்கத்தில் இவை எதுவும் தெரியாது. படம் சுத்தமாக இருந்தும் நோய் இருக்கலாம். அதனால்தான் நோயை உறுதிப்படுத்தும் வேலையை உலகமெங்கும் ஊதும் பரிசோதனையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முழு மூச்சில் வெளிவரும் காற்றில் முதல் விநாடியில் வருவது 0.7 பங்கைவிடக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று முடிவு.

அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு? வேறு நோய் கூட இருக்கிறதா என்று பார்க்க. மூச்சு திடீரென்று மோசமானால் நியூமோனியாவா, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருக்கிறதா, இருதயம் பலவீனமாகி நீர் கோத்திருக்கிறதா என்று அது சொல்லும். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமலோ, சளியில் இரத்தமோ, உடல் இளைப்போ இருந்தால் காசநோயையும் புற்றுநோயையும் தேடியாக வேண்டும். காசநோய் சந்தேகத்தில் படம் மட்டும் போதாது, சளிப் பரிசோதனை கட்டாயம். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் அது இலவசம். பல காலம் பீடி குடித்தவருக்கு நியூமோனியா வந்து தேறினால், ஆறு வாரத்துக்குப் பிறகு இன்னொரு படம் எடுத்து, நிழல் முழுவதும் மறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மறையாத நிழலுக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கலாம். இந்த ஒரு படத்தை டொக்டர் மறந்தாலும் நீங்கள் கேட்டு எடுங்கள்.

பழைய படங்களை எறிய வேண்டாம் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். எம்ஃபிசீமா உள்ள சிலருக்குக் காற்றுப்பைகள் ஒன்றாகி, 'பூலா' எனப்படும் பெரிய காற்றுக் குமிழியாகிவிடும். எக்ஸ்ரேயில் அது, நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருப்பதைப்போலவே தோன்றும். கசிந்த காற்றுக்குச் சிகிச்சை, நெஞ்சில் குழாய் போட்டு வடிப்பது. குமிழிக்குள் அதே குழாயைப் போட்டால் ஆபத்து. நடுஇரவில், மூச்சுத் திணறலோடு, அறிமுகமில்லாத டொக்டர் முன் படுத்திருப்பவருக்கு இரண்டு வருடம் முந்திய படம் ஒன்று கையில் இருந்தால், "இந்தக் குமிழி அப்போதே இருந்தது" என்பது உடனே தெரிந்துவிடும். பழைய காசநோய்த் தழும்புக்கும் இதே கதைதான். தழும்பு மாறாமல் இருக்கிறது என்பதற்குப் பழைய படம்தான் சாட்சி. அது இல்லாவிட்டால் பரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

லயத்துக் காற்றில் எக்ஸ்ரே படம் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது உரிந்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, அடுப்புப் புகை படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். கிடைத்த அன்றே ஜன்னலுக்கு எதிரே பிடித்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் திகதியும் அதில் தெரிய வேண்டும். சில இடங்களில் இப்போது படத்தைக் கையில் தராமல் கொம்பியூட்டரில் மட்டும் பார்க்கிறார்கள். அங்கே ரிப்போட்டின் பிரதியையாவது கேட்டு வாங்குங்கள்.

பீடி நுரையீரலும் அடுப்பு நுரையீரலும்

நம் மாவட்டத்தில் இந்த நோய் பீடி, சிகரெட் குடித்த ஆண்களோடு நின்றுவிடுவதில்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. 2022இல் கேஸ் சிலிண்டர் கிடைக்காமல் போனபோது, விறகை விட்டவர்களும் அதற்கே திரும்பினார்கள். லயத்துக் குசினியில் ஜன்னல் சிறியது, புகைபோக்கி இருந்தாலும் பாதி அடைத்துக் கிடக்கும். நாற்பது வருடம் அங்கே ஊதுகுழலோடு குனிந்தவள் ஒரு பீடியையும் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் மூச்சு வாங்கும். இறப்பர் சீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கூட்டில் வேலை செய்தவர்களும், நக்கிள்ஸ் மலைப் பக்கம் விறகு எரித்து ஏலக்காய் உலர்த்தியவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இந்த இரண்டு வகை நுரையீரலும் சி.ரி. ஸ்கேனில் ஒன்றுபோல் இருப்பதில்லை. மெக்சிக்கோவில் விறகு அடுப்பால் நோய் வந்த பெண்களையும் புகைபிடித்து நோய் வந்த பெண்களையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. புகைபிடித்தவர்களின் நுரையீரலில் ஓட்டைகள் கூடுதல். அடுப்புப் புகை பட்டவர்களிடம் ஓட்டைகள் குறைவு, ஆனால் ஒடுங்கிய குழாய்களுக்குப் பின்னால் காற்று தேங்குவது கூடுதல். ஆகவே அடுப்படியில் வாழ்ந்த ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போட்டில் "எம்ஃபிசீமா இல்லை" என்று எழுதியிருந்தால், "ஒன்றுமில்லையாம்" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடக் கூடாது. சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்து எடுக்கும் ஸ்கேனில் தேங்கிய காற்று தெரியாது. மூச்சை முழுவதும் வெளியே விட்டும் ஒரு சுற்று எடுத்தால்தான் தெரியும்: நல்ல பகுதி வெளுக்கும், காற்றுத் தேங்கிய பகுதி கறுப்பாகவே நிற்கும். "புகை அடுப்பில் இத்தனை வருடம்" என்பதைத் துண்டில் எழுதச் சொல்லுங்கள். படத்தை வாசிக்கும் நிபுணருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

அடுப்புக் கரி பெரிய குழாய்களின் சுவரில் படிந்து தழும்பாகி, குழாயையே நெரித்துவிடுவதும் உண்டு. ஸ்கேனில் இது புற்றுநோயைப் போலவோ காசநோயைப் போலவோ காட்சி தரும். அப்போது கெமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னால் பயந்து மறுக்க வேண்டாம். கரித் தழும்புதான் என்று தெரிந்தால் அது நல்ல செய்தி.

ஸ்கேன் எண்ணாக மாறும் இடம்

சி.ரி. இயந்திரம் நுரையீரலின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தி எண் ஒன்று கொடுக்கிறது. இயந்திரத்தை உருவாக்கி 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அந்த எண் வழங்குகிறது. தண்ணீருக்கு 0, வெறும் காற்றுக்கு மைனஸ் 1000. மூச்சை நிறைய இழுத்துப் பிடித்திருக்கும்போது மைனஸ் 950க்கும் கீழே இறங்கும் புள்ளிகளை எம்ஃபிசீமா என்று எண்ணுகிறார்கள். மொத்தத்தில் எத்தனை சதவீதம் அப்படி என்று கொம்பியூட்டர் கூட்டிச் சொல்லும்.

மருந்தை மதிப்பிட இந்த அடர்த்தி எண் கைகொடுத்த சிறந்த உதாரணம் 'றெபிட்' என்ற ஆய்வு. 2015இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. ஆல்ஃபா-1 அன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்து, அதனால் எம்ஃபிசீமா வந்த 180 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு அந்தப் புரதத்தை வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு மருந்துச் சத்தில்லாத போலி மருந்து. இரண்டு வருடம். ஊதும் பரிசோதனையில் இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முழு மூச்சில் எடுத்த ஸ்கேனில் மட்டும் தெரிந்தது: மருந்து ஏறியவர்களின் நுரையீரல் அடர்த்தி வருடத்துக்கு ஒரு லீற்றருக்கு 1.45 கிராம் குறைந்தது, மற்றவர்களுக்கு 2.19 கிராம். கரைவதை நிறுத்தவில்லை, மெதுவாக்கியது. ஊதும் பரிசோதனைக்குப் பிடிபடாததை ஸ்கேன் பிடித்தது என்பதுதான் இதில் விசேஷம்.

அப்படியென்றால் எங்கள் அப்பாவுக்கும் வருடத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்து மருந்தைப் பார்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. 2.19க்கும் 1.45க்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு கிராம்கூட இல்லை. 180 பேரைக் கூட்டிச் சராசரி பார்த்ததால் அது மேலே வந்தது. ஒரு தனி ஆளின் இரண்டு ஸ்கேன்களுக்கு இடையில், அன்று எவ்வளவு மூச்சு இழுத்தார் என்பதாலேயே அதைவிடப் பல மடங்கு வித்தியாசம் வந்துவிடும். பாக்கு நிறுக்கும் தராசில் பொன் நிறுத்த கதையாகிவிடும். அதுவுமின்றி, அந்தப் புரதக் குறைபாடு ஐரோப்பிய வம்சத்தவரிடம்தான் அதிகம். நம் கிளினிக்கில் உள்ளவர்களில் மிக அரிது. அவர்களுக்குக் கொடுத்த மருந்து நமக்கானதல்ல.

மூச்சு விஷயத்தைச் சற்று நின்று பார்ப்போம், ஏனென்றால் இது உங்கள் கையில் இருக்கிறது. முழு மூச்சு இழுத்தால் நுரையீரலில் காற்று நிறைந்து அடர்த்தி குறையும். அரை மூச்சு இழுத்தால் அடர்த்தி கூடும். போன வருடம் முழு மூச்சிலும் இந்த வருடம் அரை மூச்சிலும் எடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்டால், நோய் குறைந்துவிட்டதுபோல் பொய்த் தோற்றம் வரும். எக்ஸ்ரேயிலும் அரை மூச்சில் அடிப்பகுதி வெளுத்து, இல்லாத நியூமோனியாவைக் காட்டும்.

ஆஸ்பத்திரியில் இந்தக் கட்டளை பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழு. "அல்லகென இன்ன" என்றால் பிடித்துக்கொண்டிரு. "அரின்ன" என்றால் விடு. சில ஸ்கேன் இயந்திரங்களில் பதிவுசெய்த ஆங்கிலக் குரல் பேசும். உள்ளே போகும் ஆச்சிக்கு இரண்டும் பழக்கமில்லாவிட்டால், வெளியே வாங்கில் காத்திருக்கும்போதே மகளோ பேரனோ பக்கத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிடுங்கள்: "ஆச்சி, அந்தக் குரல் வந்ததும் நல்லா உள்ளுக்கு இழுத்து, வாய மூடி, நான் பத்து எண்ணுற வரைக்கும் பிடிங்க." பத்து எண்ண முடியவில்லையென்றால் முடிந்த அளவை எண்ணிப் பார்த்து, உள்ளே போகுமுன் படம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கேற்றபடி அவர் அமைத்துக்கொள்வார். கைவசம் பம்ப் இருந்தால், எப்போது கடைசியாக இழுத்தார் என்பதையும் சொல்வது நல்லது.

பீடியை விட்டதும் ஸ்கேன் மோசமானால்

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவைக்கிறேன். புகைபிடிப்பவரின் நுரையீரலில் எப்போதும் ஒரு அழற்சி இருக்கிறது. அந்த அழற்சியில் சேரும் அணுக்களும் நீரும் நுரையீரலுக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கின்றன. பீடியை விட்டால் அழற்சி தணியும், கனமும் குறையும். உடனே ஸ்கேன் எண்ணில் அடர்த்தி இறங்கி, எம்ஃபிசீமா கூடிவிட்டதுபோல் தெரியும். புற்றுநோய்ப் பரிசோதனைக்காக வருடந்தோறும் ஸ்கேன் எடுத்த டென்மார்க் நாட்டவர்களிடம் இது தெளிவாகவே பதிவானது. ஆகவே விட்ட அடுத்த வருடம் ரிப்போட்டில் எம்ஃபிசீமா சதவீதம் ஏறியிருந்தால், "விட்டும் பிரயோசனமில்லை" என்று மறுபடி பற்றவைக்க வேண்டாம். சி.ஓ.பி.டி.யின் போக்கையே மாற்றும் சிகிச்சை பீடியை விடுவதுதான். அதன் பலன் ஸ்கேனில் தலைகீழாகத் தெரிகிறது.

படமே தீர்ப்புச் சொல்லும் சிகிச்சைகள்

படம் இல்லாமல் முடிவெடுக்கவே முடியாத ஒரு பகுதியும் உண்டு. எம்ஃபிசீமா முற்றி, ஊதிப்போன பகுதி நல்ல பகுதியை நெருக்கும்போது, கெட்ட பகுதியை வெட்டிக் குறைக்கும் அறுவை இருக்கிறது. யாருக்கு நல்லது என்ற குழப்பம் பல வருடம் இருந்தது. அமெரிக்காவில் 1,218 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2003இல் விடை சொன்னது: ஸ்கேனில் ஓட்டைகள் நுரையீரலின் மேல் மடலில் குவிந்திருந்து, உடற்பயிற்சித் திறனும் மிகக் குறைந்திருந்தவர்களுக்கு அறுவையால் ஆயுளே கூடியது. அதே ஆய்வு நடுவழியில் ஒரு கசப்பான பாடமும் தந்தது. ஊதும் அளவு, இருக்க வேண்டியதில் 20 சதவீதத்துக்குக் கீழே போனவர்களில், ஸ்கேனில் ஓட்டைகள் நுரையீரல் முழுவதும் ஒரேசீராகப் பரவியிருந்தவர்களையும், வாயுப் பரிமாற்றமும் அதே அளவுக்கு விழுந்தவர்களையும் தனியே பார்த்தபோது, அறுவை செய்தவர்களில் 16 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். இவருக்குச் செய், இவருக்குச் செய்யாதே என்று படம் சொன்னது.

வெட்டாமல், மூச்சுக்குழாய் வழியே போய்ச் சிறு வால்வுகளை வைக்கும் முறை பின்னால் வந்தது. வால்வு காற்றை வெளியே மட்டும் விடும். கெட்ட மடல் மெல்லச் சுருங்கும். 2018இல் வெளியான, 190 பேர் பங்குபற்றிய 'லிபறேற்' ஆய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் அந்த வருடமே அனுமதி கிடைத்தது. இங்கேயும் முன்னும் பின்னும் ஸ்கேன்தான். முன்னால், மடல்களுக்கு இடையிலுள்ள சுவர் முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சுவரில் ஓட்டை இருந்தால் பக்கத்து மடலிலிருந்து காற்று வந்து நிரப்பிவிடும், வால்வு வீண். பின்னால், மடல் குறைந்தது 350 மில்லிலீற்றராவது சுருங்கியதா என்று அளக்கிறார்கள். சிகிச்சை பலித்ததா என்பதை ஒரு தனி ஆளின் படத்தில் நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் இது. அந்த ஆய்வில் வால்வு வைத்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், முதல் வாரங்களிலேயே நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இது மாவட்ட வைத்தியசாலையில் செய்கிற காரியமல்ல. வெளிநாட்டிலோ தனியாரிடமோ யாராவது ஆசைகாட்டினால், "சுவர் முழுதாக இருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போட்டில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று முதலில் கேளுங்கள்.

படம் எடுக்கும் முறைகளும் புதிதாக வருகின்றன. செனன் வாயுவை இழுக்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்து, காற்று எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று நிறமாகக் காட்டும் முறைக்கு அமெரிக்கா 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. பம்ப் இழுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்தால் மாற்றம் தெரியும் என்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் நல்ல ஆர்வம். குழாய்களை அடைக்கும் சளித் தக்கைகளைச் சாதாரண ஸ்கேனிலேயே எண்ணும் பழக்கமும் வளர்கிறது. தக்கை கூடினால் ஆயுள் குறைகிறது என்று 2023இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அவற்றைக் கரைத்தால் ஆயுள் கூடுமா என்பது அடுத்த கேள்வி.

ஸ்கேனை எப்போது கேட்பது

மருந்தை ஒழுங்காக இழுத்தும் அடிக்கடி நோய் கிளம்பினால். ஊதும் அளவு பரவாயில்லை, ஆனால் மூச்சு அதற்குப் பொருத்தமில்லாமல் வாங்கினால். ஊதும் அளவு 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கி நெஞ்சு ஊதியிருந்தால். எக்ஸ்ரேயில் விளங்காத நிழல் இருந்தால்: இவை ஸ்கேன் கேட்க நியாயமான காரணங்கள். உலக வழிகாட்டியான 'கோல்ட்' அறிக்கையும் ஏறத்தாழ இப்படியே சொல்கிறது. நீண்ட காலம் புகைபிடித்தவருக்குப் புற்றுநோயை முன்கூட்டிப் பிடிக்கக் குறைந்த கதிர் ஸ்கேன் எடுப்பதையும் அது ஏற்கிறது.

மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவுதான். ஆனால் றத்தோட்டைக்கு மேலேயோ லக்கலைப் பக்கமோ இருந்து வருகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் ஒரு துணை ஆளின் சம்பளமும். அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்கச் சுணங்கும் என்று "வெளியில் எடுக்கலாமா" என்று யோசிக்கும்போது, அவசரமான காரணமா என்று டொக்டரிடம் நேராகவே கேளுங்கள். கட்டி சந்தேகம் என்றால் காத்திருக்கக் கூடாது. மருந்து கேட்கிறதா என்று பார்க்க மட்டும் என்றால் நகையை அடகு வைக்கத் தேவையில்லை. கதிர்வீச்சும் கொஞ்சம் நினைவில் இருக்கட்டும்: ஒரு எக்ஸ்ரே நமக்கு இயற்கையாகச் சில நாட்களில் கிடைப்பதைத்தான் தரும், வழக்கமான நெஞ்சு ஸ்கேன் இரண்டு மூன்று வருடத்துக்குரியதைத் தந்துவிடும்.

ரிப்போட்டில் "நொடியூல்" என்று கண்டு குடும்பமே அழுவதுண்டு. சிறு உருண்டை என்றுதான் அர்த்தம். காசநோய் பரவலாக இருந்த நாட்டில் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த உருண்டைகள் பெரும்பாலும் தீங்கில்லாத பழைய தழும்புகள். அளவு என்ன, அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டு, அந்தத் திகதியைக் கொப்பியின் அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள்.

படத்துக்காகக் காத்திருக்கவே கூடாத நேரமும் இருக்கிறது. உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வசனம் முடிக்க மூச்சு இல்லையென்றால், ஆள் தூங்கி விழுந்து பேச்சுக் குழறினால், உடனே 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வந்தவர்களிடம் "இவருக்கு சி.ஓ.பி.டி." என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்த நோயுள்ளவருக்கு ஒட்சிசனை வாரிக் கொடுத்தால் கரியமிலவாயு இரத்தத்தில் ஏறி மயக்கமாகலாம். விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை நிற்கும்படி கொடுப்பதுதான் முறை.